இருபதாம் தேதிப் பாண்

இன்று காலை எங்கள் வாசல் தபால்பெட்டியின் மேல் யாரோ ஒரு பை நிறைய ஃபெய்ஜோவாப் பழம் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். யார் என்று தெரியவில்லை. ஏப்ரல் மாதத்தில் ஆக்லாந்தில் இதையெல்லாம் யாரும் விசாரிப்பதில்லை. மரம் வைத்திருக்கிறவர்கள் தங்கள் பழத்தைப் பிறர் தலையில் கட்டும் பருவம் இது. காரைப் பூட்டாமல் விட்டால் அதற்குள்ளும் வைத்துவிடுவார்கள். பையை உள்ளே கொண்டுவந்து சமையலறை மேடையில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த மணம், கொய்யாவும் அன்னாசியும் சேர்ந்து பழைய மருந்துக்கடை வழியாக நடந்து வந்தது போன்ற அந்த மணம், கூடத்தைத் தாண்டி வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றது. திரும்பிப் பார்த்தேன். ஒரு கணம் கிளென் ஈடனில் உங்கள் தோட்டத்தில் இருந்தேன். நீங்கள் குனிந்து ஈரப் புல்லில் கிடந்த பழங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தீர்கள். முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"பிடுங்கப்படாது ஐசே. அது தானா விழும். விழுந்தாப் பிறகு எடுக்கிறதுதான் முறை."

பிறகு கெட்டில் கொதித்து நின்றது. நான் எப்சமில் என் வீட்டில் இருந்தேன்.

இன்று இருபதாம் தேதி. மாலை நான்கு மணிக்கு உங்கள் வீட்டில் இருக்க வேண்டும். நீங்கள் போன பிறகு வரும் இரண்டாவது ஃபெய்ஜோவாப் பருவம் இது. கிளம்புவதற்கு முன் இதை எழுதி முடித்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு நீங்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். அன்றைக்கு ஏதோ பகடி சொல்லிச் சமாளித்தேன். இப்போது என்னிடம் பதில் இருக்கிறது, வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை. இறந்தவருக்குக் கடிதம் எழுதுவதில் ஒரு பொருளும் இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள். உங்கள் கிரேக்கரும் அதையேதான் சொல்வார். இருவரும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் இருவரையும் சேர்த்து வைத்தது வங்கி. மகளைக் குறிப்பிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்றால் அதன் எல்லைக்குள் வீடு இருக்க வேண்டும். அந்த எல்லைக்கோடு எப்சமில் ஒரு தெருவின் நடுவே போகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் வளரும் பிள்ளைகள் மருத்துவர் ஆவார்கள், அந்தப் பக்கம் வளர்கிறவர்களை ஆண்டவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் நம்பிக்கை. கடன் கொடுப்பதற்கு முன் வீட்டை மதிப்பிட்டு வரும்படி வங்கி ஓர் ஆளை அனுப்பியது. வெள்ளைச் சட்டையும் சேறு படிந்த ஷூவுமாக வந்து நின்றீர்கள். சுவர்களை அளந்தீர்கள், தரையைத் தட்டிப் பார்த்தீர்கள், கூரைக்குள் தலையை விட்டு எடுத்தீர்கள். பிறகு என் பக்கம் திரும்பினீர்கள்.

"தமிழோ?"

"ஆமா சார். திருநெல்வேலி."

"எங்கட பக்கத்திலையும் ஒரு திருநெல்வேலி இருக்கு. யாழ்ப்பாணத்திலை, பட்டணத்துக்குக் கிட்ட. அப்ப நாங்கள் ஒரே ஊர் ஆக்கள்தான். சாரை விடுங்கோ."

எனக்கு உடனே உங்களைப் பிடித்துப் போயிற்று. அடுத்து நீங்கள் கேட்டதுதான் பிடிக்கவில்லை.

"இந்த வீடு இல்லாட்டில் என்ன நடக்கும்?"

"பொண்ணு வேற ஸ்கூலுக்குப் போக வேண்டியிருக்கும்."

"அங்கையும் ஏழெட்டு ஐம்பத்தாறுதானே ஐசே?"

வங்கிக்காக வீடுகளுக்கு விலை போடும் ஒருவர் இப்படிக் கேட்டதை நான் அதற்கு முன் கண்டதில்லை. அதே சமயம் மதிப்பீட்டை ஒரு குறையும் சொல்ல முடியாதபடி எழுதிக் கொடுத்தீர்கள். நான் வீட்டை வாங்கினேன். மகள் அந்தப் பள்ளியில் படித்து, நன்றாகத் தேறி, மெல்பனுக்குப் போய்விட்டாள். நானும் வசந்தாவும் அந்தப் பள்ளிக்கூடத்தின் எல்லைக்குள் இன்னும் பத்திரமாக வசித்துவருகிறோம்.

கிரேக்கரை எனக்கு அறிமுகப்படுத்தியதும் நீங்கள்தான். நூலகத்தில் கழித்துக்கட்டிய புத்தகங்களைக் குவித்திருந்த மேசையிலிருந்து அட்டை போன ஒன்றை எடுத்து வந்திருந்தீர்கள். அதில் அவர் இருந்தார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால் ஏதென்ஸ் நகரத்துக்கு வெளியே ஒரு தோட்டத்தை வாங்கி, நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, பாணும் தண்ணீரும் எப்போதாவது ஒரு துண்டு சீஸும் போதும் என்று வாழ்ந்த மனிதர். அவர் பெயரைச் சொல்ல மாட்டீர்கள். வெறும் பாணோடு நிறைந்திருந்தவரின் பெயரை இந்த ஊர் ஆங்கிலத்தில் நாக்கு ருசிக்கு அலைகிறவர்களுக்குப் பட்டமாகக் கொடுத்துவிட்டார்கள் என்று உங்களுக்கு வருத்தம். அதனால் அவர் நமக்கு வெறும் கிரேக்கர் ஆனார். கொஞ்ச நாளில், ஊரில் தள்ளி இருக்கும் ஒரு பெரியப்பாவைப் பற்றிப் பேசுவது போல அவரைப் பற்றிப் பேசத் தொடங்கினோம். "கிரேக்கர் என்ன சொல்லுவார்?" என்று நீங்கள் கேட்கும்போது, உள் அறையில் அவர் தூங்கிக்கொண்டிருக்கிறார், எழுப்பிக் கேட்டால் தெரிந்துவிடும் என்று தோன்றும்.

பாண் என்ற சொல்லும் உங்களிடம் வாங்கியதுதான். நாங்கள் பிரெட் என்போம். பாண் என்று சொல்லும்போது அது கொஞ்சம் கனமாகிவிடுகிறது.

உங்கள் வீட்டுப் பின்வளவு நீளமானது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் பின்பக்கத்தைப் பிரித்து, இரண்டடுக்கு வீடுகளை நெருக்கி நிறுத்தி விற்றுவிட்டார்கள். அந்த மண்ணுக்கு என்ன விலை வரும் என்பது தெருவில் உங்களுக்குத்தான் சரியாகத் தெரியும். நீங்கள் அதில் ஃபெய்ஜோவா நட்டு, ஒன்றோடொன்று பொருந்தாத நாற்காலிகளைப் போட்டிருந்தீர்கள். மேற்கே வைட்டாக்கரே மலை ஒரு நாள் பச்சையாகவும் ஒரு நாள் நீலமாகவும் இருக்கும், சில நாள் இருக்கவே இருக்காது. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மழை பெய்துவிட்டுப் போகும். தண்டவாளக் கடவையின் மணி அடிக்கும், ரயில் போகும், மணி நிற்கும். மணி நின்ற பிறகு வரும் அமைதி, அதற்கு முன்பிருந்த அமைதியைவிட ஒரு படி ஆழமாக இருக்கும். இப்போது நினைத்துப் பார்க்கையில் அந்தத் தோட்டத்தில் நாம் உட்கார்ந்திருந்த மாலைகள் எல்லாம் ஒரே மாலையாகத்தான் தெரிகின்றன. அதில் ஒரே சமயத்தில் மழையும் பெய்கிறது, பூவும் பூத்திருக்கிறது, பழமும் விழுகிறது.

கிரேக்கர் தன் நினைவாக நண்பர்கள் மாதந்தோறும் இருபதாம் நாள் கூடிச் சாப்பிட வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். அதைப் படித்த மாதமே நீங்களும் தொடங்கிவிட்டீர்கள். நாங்கள் மூன்று பேர் வந்தோம். நான்; மங்கரே விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் பிரிவில் இருக்கும் உங்கள் ஊர்க்காரர் குணா; மலேசியாவிலிருந்து வந்த நர்ஸ் ராஜி. உங்கள் மனைவி சுகந்தி அண்ணி பாணையும் சீஸையும் ஒரு பலகையில் கொண்டுவந்து வைத்துவிட்டு, தானும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். தண்ணீர் ஒரு கண்ணாடிக் கூஜாவில் இருக்கும். அவ்வளவுதான் விருந்து. வீட்டு விலை, விசா, பிள்ளைகளின் மதிப்பெண் மூன்றையும் பேசக் கூடாது என்பது விதி.

இந்த மூன்றையும் எடுத்துவிட்டால் ஆக்லாந்துத் தமிழர் பேசுவதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது என்று நீங்கள் யோசிக்கவில்லை. முதல் சில மாதங்கள் நாங்கள் பாணை மென்றபடி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு ஒரு நாள் குணா, யாரும் கேட்காமலே, குதிரைகளைப் பற்றிச் சொன்னார். பந்தயக் குதிரைகளை விமானத்தில் ஏற்றி வெளிநாட்டுக்கு அனுப்புவார்களாம். படுக்க வைப்பதில்லை. நின்றபடியேதான் அவை பறக்கும்.

"பயப்படாதா?" என்று ராஜி கேட்டாள்.

"ஏத்தேக்கை கொஞ்சம் முரண்டு பிடிக்கும். மேலை போனாப் பிறகு பேசாமல் வைக்கோல் தின்னுமாம். கடலுக்கு மேலை நிக்கிறம் எண்டு அதுக்குத் தெரியாதுதானே."

தலைக்கு மேல் மேகத்துக்குள் எங்கோ ஒரு விமானம் மங்கரே பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. நாம் ஐந்து பேரும் நிமிர்ந்து பார்த்தோம். அதில் குதிரை இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் ஒரு குதிரையை நான் பார்த்தேன்.

ஆசைகளை மூன்று குவியலாகப் பிரிப்பது உங்களுக்கு விருப்பமான விளையாட்டு. கிரேக்கரின் கணக்கு அது. பசி, தாகம், ஒதுங்க ஓர் இடம், பேச நண்பர்கள் எல்லாம் முதல் குவியல். இவை இல்லாமல் முடியாது. இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்பவை இரண்டாவது. எவ்வளவு கிடைத்தாலும் அடங்காதவை மூன்றாவது. குணா ஒரு படகு வாங்கப் போவதாகச் சொன்னபோது நீங்கள் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"மூண்டாம் குவியல்."

"மீன் பிடிச்சுக்கொண்டு வந்து தந்தா?"

"மீன் இரண்டாம் குவியல். தந்தாச் சாப்பிடுவன்."

பலகை காலியானதும் அதை எடுத்து எங்களுக்குக் காட்டுவீர்கள். "பார்த்தீங்களோ, ஒரு துண்டு மிச்சமில்லை. ஆசை அளவா இருந்தாச் சாப்பாடும் அளவா இருக்கும்." ஒவ்வொரு மாதமும் இதைச் சொன்னீர்கள். ஒவ்வொரு மாதமும் ஒரு துண்டும் மிஞ்சவில்லை. நாங்கள் தலையாட்டினோம்.

உங்கள் தத்துவம் எல்லா இடத்திலும் இப்படி எடுபட்டது என்று சொல்ல முடியாது. மங்கரேயில் ஒரு செத்த வீட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். இறந்தவரின் அண்ணன் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். நீங்கள் அவர் பக்கத்தில் அமர்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, கிரேக்கரின் மருந்தைக் கொடுத்தீர்கள். நாங்கள் இருக்கிற இடத்தில் சாவு இல்லை, சாவு வந்த இடத்தில் நாங்கள் இல்லை, ஆகவே இரண்டுக்கும் ஒருபோதும் சந்திப்பே கிடையாது, பயப்பட என்ன இருக்கிறது என்று பொறுமையாக விளக்கினீர்கள். அவர் முழுவதையும் கேட்டார்.

"ஓம் தம்பி," என்றார். "தேத்தண்ணி குடிச்சனீங்களோ?"

திரும்பி வரும்போது காரை நெடுஞ்சாலையில் ஏற்றினீர்கள். பிறகு, "அந்தாள் சொன்னதும் முதல் குவியல்தான்," என்றீர்கள்.

கண்ணில் படாமல் வாழ் என்பது கிரேக்கரின் இன்னொரு அறிவுரை. இதை நம் தமிழ்ச் சங்கத்தாருக்குப் புரிய வைக்க நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். பதவி வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், இதைவிடப் பெரிய பதவி கேட்கிறார் என்றுதான் அங்கே எடுத்துக்கொள்வார்கள். உங்களைச் செயலாளர் ஆக்கப் பார்த்தார்கள். மறுத்தீர்கள். துணைத்தலைவர் என்றார்கள். மறுத்தீர்கள். கடைசியில் தலைவர் பதவியோடு வீட்டுக்கே வந்துவிட்டார்கள். நீங்கள் பின்கதவால் வெளியேறி ஃபெய்ஜோவா வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டீர்கள். அண்ணி அவர்களுக்கு வடை கொடுத்து அனுப்பிவைத்தார். அன்றிலிருந்து உங்களை ஆழமான ராஜதந்திரி என்று சொல்லத் தொடங்கினார்கள்.

இதையெல்லாம் ஒரு கிறுக்கு என்று நினைத்துக்கொள்ள எனக்கு வசதியாகத்தான் இருந்தது. ஒரே ஒரு தடவை அது கலைந்தது. நல்ல குளிர்காலம். நானும் நீங்களும் மட்டும் தோட்டத்தில் இருந்தோம். இந்தக் கேள்வியை எங்கே பிடித்தீர்கள், இல்லாட்டில் என்ன நடக்கும் என்று எதைப் பார்த்தாலும் கேட்கிறீர்களே, கிரேக்கர் புத்தகத்திலா என்று கேட்டேன்.

"அவர் எழுதினதைப் பிறகுதான் வாசிச்சனான்," என்றீர்கள். "எங்கட வீட்டிலை எல்லாம் இருந்தது ஐசே. தையல் மிசின், ரேடியோ, அப்பாவின்ர சைக்கிள், எல்லாம். சண்டை நேரம், ஒரு காலமை ஊரை விட்டு வெளிக்கிடச் சொல்லிச்சினம். கையிலை கொண்டுபோகக் கூடினதுதான் மிச்சம். கேள்வியை நான் கேக்கேல்லை. கேள்விதான் என்னைக் கேட்டது."

மலை அன்றைக்கு இல்லாத நாள். பனிமூட்டத்துக்குள் கடவை மணி மட்டும் அடித்தது. எந்த ரயிலுக்கு என்று தெரியாமல் நாம் இருவரும் காத்துக்கொண்டிருந்தோம்.

பிறகு உங்களுக்கு நோய் வந்தது. அது விரைவாக நடந்தது. மருத்துவமனையில் உங்கள் அறைக்கு ஒரு ஜன்னல் இருந்தது. அதில் வானம் மட்டும் தெரியும். கிரேக்கரும் கடைசியில் கல்லடைப்பு வலியில் துடித்துத்தான் போனார் என்றும், அன்றைக்கும் ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதி, நாம் பேசிக்கொண்டிருந்ததை நினைக்கும் மகிழ்ச்சி இந்த வலிக்கு ஈடாக நிற்கிறது என்று சொல்லியிருந்தார் என்றும் நீங்கள்தான் முன்பு சொல்லியிருந்தீர்கள். கேட்கலாமா என்று தயங்கி, பிறகு கேட்டேன். நிஜமாகவே அப்படி நிற்கிறதா?

கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் சோதித்துப் பார்த்தீர்கள். உங்கள் தொழில்முறைப்படி.

"அந்தாள் கொஞ்சம் கூட்டித்தான் எழுதியிருக்கிறார் ஐசே. நோவு நோவாத்தான் இருக்கு." பிறகு, "ஆனா குதிரையள் நிண்டுகொண்டு பறக்கிறதை நினைச்சா, கொஞ்சம் குறையுது," என்றீர்கள்.

ஜன்னலில் ஒரு மேகம் வந்து நின்றது. அது போவதற்குள் நீங்கள் கேட்டீர்கள்.

"நான் இல்லாட்டில் என்ன நடக்கும்?"

எத்தனையோ பொருட்களைப் பார்த்து நீங்கள் கேட்ட அதே கேள்வி. அதே குரல். படகைப் பார்த்து, பதவியைப் பார்த்து, என் எப்சம் வீட்டைப் பார்த்து. இந்த முறை உங்களையே எந்தக் குவியலில் போடுவது என்று என்னிடம் கேட்கிறீர்கள் என்று புரிந்தது. எனக்குத் தெரிந்த ஒரே வழியில் பதில் சொன்னேன்.

"பாண் வெட்ட ஆள் இருக்காது அண்ணே."

சிரித்தீர்கள். சிரித்ததில் வலித்தது. வலி அடங்கும்வரை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள்.

"அதுதான். இருபதாம் திகதியை விட்டுடாதேங்கோ. பாண், சீஸ், தண்ணி. ஒண்டும் கூட்டாதேங்கோ. கூட்டினா எங்கட ஆக்கள் அதைக் கலியாண வீடு ஆக்கிப்போடுவினம்."

விட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

உங்கள் இறுதிச்சடங்கில் மண்டபம் கொள்ளவில்லை. கண்ணில் படாமல் வாழ்ந்த ஒருவருக்கு இவ்வளவு கூட்டம் சேர்வது எப்படி என்று நான் கார் நிறுத்த இடம் தேடியபடி யோசித்தேன். சங்கத் தலைவர், அமரர் புகழை அறவே வெறுத்தவர் என்பதைப் பற்றி மிக நீண்ட உரை ஆற்றினார். நடுவில் ஒலிபெருக்கி இரண்டு முறை நின்றுபோனது. அதை நான் கிரேக்கரின் வேலை என்றே எடுத்துக்கொண்டேன். சடங்குகளை அண்ணி ஒன்றுவிடாமல் செய்தார். எனக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை, சுகந்திக்கு எது ஆறுதலோ அதைச் செய்யட்டும் என்று நீங்களே சொல்லியிருந்தீர்கள்.

அடுத்த இருபதாம் தேதி வந்தது. நவம்பர். ஃபெய்ஜோவா சிவப்பாகப் பூத்திருந்தது. நான் கிளென் ஈடன் பேக்கரியில் நீங்கள் வழக்கமாக வாங்கும் பாணை வாங்கிக்கொண்டு போனேன். குணாவும் ராஜியும் முன்பே வந்திருந்தார்கள். உங்கள் நாற்காலியை யாரும் நகர்த்தவில்லை, அதில் உட்காரவும் இல்லை. பாணைப் பலகையில் வைத்து வெட்டினேன். துண்டுகள் ஒரு பக்கம் தடியாகவும் மறுபக்கம் இல்லாமலும் வந்தன. ஆளுக்கு ஒன்று எடுத்தோம். எடுத்ததைக் கையில் வைத்துக்கொண்டிருந்தோம். குணா ஒரு வாய் கடித்தார். அதை விழுங்குவதற்கு அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு ரயிலே போய்விட்டது.

அப்போது அண்ணி எழுந்தார். பலகையைத் தூக்கினார்.

"இனி இந்த வீட்டிலை நான் பாண் வைக்க மாட்டன்."

பாண் போனால் இருபதாம் தேதியும் போய்விடும். இருபதாம் தேதி போனால் நாங்கள் நால்வரும் கல்யாண மண்டபங்களில் தூரத்திலிருந்து தலையசைத்துக்கொள்கிறவர்கள் ஆகிவிடுவோம். இந்த ஊரில் அது எவ்வளவு சுலபமாக நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

"அண்ணி, நான் அவருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்," என்றேன்.

"நீங்கள் குடுத்தனீங்கள். நான் குடுக்கேல்லையே. பத்து வருசமா மாசத்திலை ஒரு நாள் இந்த வீட்டிலை எல்லாருக்கும் காய்ச்சல். பாண் காய்ச்சல்காரருக்குக் குடுக்கிற சாமான். அதைத் திண்டுபோட்டு எப்பிடி மனுசர் நித்திரை கொள்ளுறது? அவருக்கே ஏலாது."

"அவருக்கா?"

"பின்னை? நீங்கள் வெளிக்கிட்டுக் கேற்றைத் தாண்ட முன்னம் குசினிக்குள்ளை வந்து நிப்பார். 'இஞ்சாருமப்பா, சோத்தைப் போடும்' எண்டுவார். மாசாமாசம். நான் பாணை வெட்டி வைச்சுப்போட்டு உள்ளை உலையும் வைச்சிட்டுத்தான் வந்து உங்களோடை இருக்கிறனான்."

பிறகு ராஜி முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன்.

"நான் வரும்போதே சாப்பிட்டுட்டுத்தான் வருவேன் லா," என்றாள். "மீன் கறி, சோறு. வயிறு முட்ட. அதுக்கு மேல இந்த பிரெட்டை வேற உள்ள தள்ளணும்."

குணா தொண்டையைச் செருமினார். "நான் போற வழியிலை கொத்துரொட்டி வாங்கிறனான். காருக்குள்ளையே சாப்பிட்டிட்டு, மணம் போகக் கண்ணாடியை இறக்கி விட்டிட்டுப் போவன்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். வசந்தா ஒவ்வொரு இருபதாம் தேதியும் எனக்காகத் தயிர் சாதமும் மாவடு ஊறுகாயும் மூடி வைத்திருப்பாள் என்பதை நான் ஒப்புக்கொண்டேன்.

முதலில் சிரித்தது அண்ணிதான். அந்த வீட்டில் உங்களுக்குப் பிறகு கேட்ட முதல் சிரிப்பு. அது நின்றபோது உள்ளே போய் ஒரு பானையைத் தூக்கிக்கொண்டு வந்தார். சோறு. ஒரு பருப்பு. ஒரு கத்தரிக்காய்க் கறி. வேறு ஒன்றும் இல்லை. தோட்டத்தில் உட்கார்ந்து மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். குணா ஒரு கதை சொன்னார். ஒரு பெட்டி நிறையத் தேனீக்கள் பசிபிக் கடலைக் கடந்த கதை. வெயில் ஃபெய்ஜோவாப் பூக்களின் வழியாக வந்தது. எங்கள் கைகள் எல்லாம் கொஞ்சம் சிவந்திருந்தன.

வீட்டுக்கு வரும் வழியில் நெடுஞ்சாலையில் இதை யோசித்துக்கொண்டே ஓட்டினேன். கிரேக்கர் பாண் தின்றது பாணுக்காக அல்ல. அவருடைய தெருவில் பரம ஏழையும் சாப்பிட்டது அது. கிளென் ஈடனில் பிறந்து அண்ணி சமையலில் வளர்ந்திருந்தால் அவர் சோறும் பருப்பும் என்றுதான் எழுதியிருப்பார். புத்தகத்திலிருந்து தத்துவத்தை எடுக்கும்போது நீங்கள் மெனுவையும் சேர்த்து எடுத்துவிட்டீர்கள். வீடுகளுக்கு அவ்வளவு சரியாக மதிப்புப் போட்டவர் எளிமைக்குப் போட்ட மதிப்பு தப்பிவிட்டது. இதை நாங்கள் ஒருவரும் உங்களிடம் சொல்லவில்லை. பலகையைத் தூக்கிக் காட்டும்போது உங்கள் முகத்தில் வரும் அந்த வெளிச்சம் எங்களுக்கு வேண்டியிருந்தது. நீங்களும் எங்களிடம் சொல்லவில்லை. நாங்கள் பாணுக்காகத்தான் வருகிறோம் என்று நம்பியிருந்தீர்கள். இப்படிப் பத்து வருடம் நாம் ஒருவரை ஒருவர் சோற்றிலிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தோம். நட்புக்கு இதைவிட நல்ல விளக்கம் கிரேக்கரிடம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். இதுவரை கண்ணில் படவில்லை.

இப்போது இருபதாம் தேதி நடக்கிறது. சோறு, ஒரு பருப்பு, ஒரு கறி. சங்கத்திலிருந்து இருவர் தாங்களும் கேசரியோடு வரலாமா என்று கேட்டார்கள். மூன்றாம் குவியல் என்று சொல்லி அனுப்பினேன். அவர்களுக்குப் புரியவில்லை, ஆனால் மரியாதையாகப் போய்விட்டார்கள். சென்ற மாதம் வசந்தாவும் என்னோடு வந்தாள். தயிர் சாதத்தை அவள் ஒளித்துவைத்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று குணா அவளைக் கேலி செய்தார்.

வாக்குக் கொடுத்தது நான் என்பதால் பாணை மட்டும் நான் விடவில்லை. ஒவ்வொரு மாதமும் வாங்கிக்கொண்டு போகிறேன். அண்ணி ஒன்றும் சொல்வதில்லை, பலகையை எடுத்துத் தருகிறார். நான் வெட்டுகிறேன். இன்னும் கோணலாகத்தான் வருகிறது. யாரும் எடுப்பதில்லை. கடைசியில் அண்ணி ஒரு துண்டை எடுத்துக்கொண்டுபோய் ஃபெய்ஜோவாவின் அடியில் வைக்கிறார். ஆக்லாந்தில் காகம் கிடையாது. மைனா வரும், ஒரு கரிய பறவை வரும். முதல் முறை அவர் வைத்தபோது நான் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டார்.

"திவசம் படைக்கிறன் எண்டு நினைக்காதேங்கோ," என்றார் கண்டிப்பாக. "அவருக்கு உதிலை நம்பிக்கை இல்லை. இது மிச்சப் பாண்."

பறவை வரும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

மணி மூன்றரை ஆகிறது. பாண் முன்சீட்டில் இருக்கிறது. பக்கத்தில் இந்த ஃபெய்ஜோவாப் பையையும் வைத்திருக்கிறேன். உங்கள் மரத்தடியில் இப்போது அதுவே குவிந்து கிடக்கும், அங்கேயே இதைக் கொண்டுபோகிறேன் என்பது தெரிந்துதான் செய்கிறேன். கார் முழுவதும் உங்கள் மணமாக இருக்கும். சிவப்பு விளக்கில் நிற்கும்போது திரும்பிப் பார்ப்பேன். முதுகு தெரிந்தாலும் தெரியும்.

நான் இல்லாட்டில் என்ன நடக்கும் என்று கேட்டீர்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன். வீட்டு விலை ஏறியது, இறங்கியது. சங்கம் இரண்டாகப் பிரிந்தது. கடவை மணி அடிக்கிறது, ரயில் போகிறது. குணா படகு வாங்கிவிட்டார். மீன் தந்தார், சாப்பிட்டோம். மலை சில நாள் இருக்கிறது, சில நாள் இல்லை. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. உங்கள் கிரேக்கர் சொன்னது அநேகமாகச் சரி.

பாண்தான் மிஞ்சுகிறது.